வேகம் கூடியதால் வந்த வினை

லினக்ஸ் கெர்னலின் நிரல் முழுவதும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் நான் எழுதிய வரி ஒன்றுகூடக் கிடையாது. எழுதியவர்களை வேடிக்கை பார்ப்பதோடு சரி. மகன் கழித்துப்போட்ட லேப்டாப்பில், நிரலின் வரலாற்றைப் பிரவுசரில் காட்டும் கிட்வெப்பை ஓடவிட்டு, கூடத்து நாற்காலியில் சாய்ந்தபடி பிரவுசரில் மேய்வேன்.

ஏதாவது ஒரு கோப்பின் 'ஹிஸ்டரி'யை அழுத்தினால் போதும், சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிடும்.

"என்னங்க, மில்லுக்குப் போய் கோதுமை அரைச்சிட்டு வாங்க."

"பேஜ் லோடாயிட்டிருக்கு."

பொய்யே இல்லை. ஆகிக்கொண்டுதான் இருக்கும்.

பிராட்பேண்ட் மேல் பழிபோட வழியில்லை. லேப்டாப் இருப்பது அடுத்த அறையில். காரணம், கிட் சேமிக்கும் விதம். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கெர்னலுக்காகவே எழுதிய கருவி அது. நிரலில் மாற்றம் செய்து பதியும் ஒவ்வொரு முறையும், அதாவது ஒவ்வொரு கமிட்டிலும், எல்லாக் கோப்புகளும் அப்போது இருந்த நிலையைக் குறித்துவைக்கும். எது மாறியது என்று தனியாக எழுதிவைக்காது. ஒரு கோப்பின் பூர்வோத்தரம் கேட்டால், கமிட் கமிட்டாகப் பின்னோக்கி நடந்து ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். கெர்னலில் கமிட்டுகள் 10 லட்சத்துக்கும் மேல். கிழட்டு லேப்டாப்புக்கு மூச்சு வாங்காதா?

"கமிட்-கிராஃப் எழுதிவைப்பா, பறக்கும்" என்றான் மகன் போனில்.

கமிட்டுகளின் வம்சாவளியைச் சுருக்கி ஒரே கோப்பில் வைக்கும் ஏற்பாடு அது. 2018-இல் கிட் 2.18-உடன் வந்தது. 2020-இல் 2.27 பதிப்பு அதில் புளூம் ஃபில்டரையும் சேர்த்தது. பர்ட்டன் புளூம் 1970-இலேயே சொன்ன உத்தி. 'இந்தக் கமிட்டில் இந்தக் கோப்பு மாறியதா?' என்று கேட்டால் இரண்டே பதில்: 'நிச்சயமாக இல்லை', 'இருக்கலாம், போய்ப் பார்'. மூக்குக்கண்ணாடி தேடும் என்னிடம் மனைவி சொல்வதும் இவ்விரண்டுதான். 'இருக்கலாம்' சில சமயம் வீண் அலைச்சல். 'இல்லை' மட்டும் பொய்த்ததே கிடையாது. இல்லாத இடங்களையெல்லாம் தேடாமலே தாண்டிவிடலாம் என்பதில்தான் வேகம்.

புளூம் ஃபில்டரையும் எழுதச் சொல்லும் 'சேஞ்ச்டு-பாத்ஸ்' சேர்த்து ஒரே கட்டளை. லேப்டாப் வெகுநேரம் உறுமிவிட்டு அடங்கியது. ஹிஸ்டரியை அழுத்தினேன். கை எடுப்பதற்குள் பக்கம் வந்து நின்றது. பின்னாலேயே கோதுமைத் தூக்கும் வந்து நின்றது.

"அதான் வந்துடுச்சில்ல, கிளம்புங்க."

கிளம்பினேன். புதுக் கமிட்டுகள் வர வர கமிட்-கிராஃப் கோப்பிலும் சேர்த்துவர வேண்டும். அதற்கு ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் அதைத் தானாகச் செய்ய கிட்டில் ஒரு அமைப்பு இருக்கிறது. அம்மாவிடம் மூச்சுவிடாதே என்று மகனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.