கலை நிதி விண்ணப்பங்களைக் கூலியின்றி வாசிப்போர்: திருகோணமலையை முன்வைத்து ஒரு முன்னோடி ஆய்வு

இத்துறையில் முன்னாய்வுகள் எவையும் என் கண்ணில் படவில்லை. தேடினால் பட்டுவிடும் என்பதால் நான் தேடவுமில்லை. முன்னோடி ஆய்வுகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன.

ஆய்வுக் களம், உட்துறைமுக வீதியிலிருந்து கோட்டை வாசல் வரை. அதாவது 'பட்டினமும் சூழலும்' என்று பெயரிலேயே பாதிக் கவிதை வைத்திருக்கும் பிரதேசம். ஆய்வுப் பொருள், கூத்துக்கும் வில்லுப்பாட்டுக்கும் நூல் வெளியீட்டுக்கும் காசு கேட்டு வரும் விண்ணப்பங்களை வாசித்துப் புள்ளி போடத் தாமாக முன்வரும் மனிதர்.

இவர் நால்வகையினர். ஓய்வுபெற்ற அதிபர், எழுத்துப்பிழைக்குப் புள்ளி குறைப்பார். கவிஞர், தம் சீடரின் விண்ணப்பம் வந்துவிட்டதா என்று பார்க்க வந்தவர். மூன்றாமவர் றோல்ஸுக்கு வந்தவர். பக்கச்சார்பு அறவே இல்லாதவர் இவர் ஒருவரே.

நான்காமவர் கோட்பாட்டுச் சட்டகர். இவரை விரிவாக நோக்குதல் தகும். கொட்டியாரக் குடாவுக்கு அப்பாலிருந்து ஓர் அண்ணாவியார் இரண்டே வரியில் விண்ணப்பிக்கிறார்: மத்தளத்துக்குத் தோல் போட வேண்டும், காசு வேண்டும். சட்டகர் எழுதுகிறார்: 'ஆய்வுச் சிக்கல் தெளிவாக இல்லை' (கோவை, இடது ஓரம், பென்சில்). பிறகு, 'இலக்குப் பயனாளிகள் யாவர்?' (மேற்படி, வலது ஓரம், சிவப்பு மை). படிவம் மூன்று விலைமனு கேட்கிறது. அண்ணாவியார் ஒன்றைத்தான் இணைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் தோல் போடத் தெரிந்தவர் ஒருவர்தான். அதன்மேல் சட்டகரின் தீர்ப்பு: 'போட்டி விலை இல்லை' (மேற்படி, பின்பக்கம், தேநீர்க் கறையின் நடுவிலிருந்து தென்கிழக்கே இரண்டு விரற்கடை; கொம்பு மங்கியிருப்பதால் 'பாட்டி விலை' என்று பாடங்கொள்வாரும் உளர்).

கறை முந்தியதா, எழுத்து முந்தியதா என்பது தனி ஆய்வுக்குரியது. மை கறையின்மேல் ஊறிப் பரந்திருப்பதால் கறையே மூத்தது என்பது என் துணிபு. றோல்ஸ் எண்ணெய் இரண்டுக்கும் பிற்பட்ட அடுக்கு. அதைக் கறையோடு சமகாலத்தது என்பார் சிற்றுண்டி பரிமாறும் ஒழுங்கு அறியாதார். கோட்டை வாசலில், மீன் சின்னத்தின் பக்கத்தில் சிதைந்து நிற்கும் கல்வெட்டில் இல்லாத எழுத்துகளையெல்லாம் வாசித்துத் தந்த பரம்பரை நம்முடையது. விண்ணப்பத்தில் இருக்கிற இரண்டு வரியை வாசிக்கத்தான் ஆளில்லை.

விண்ணப்பதாரர் கலைஞர்தான் என்பதற்குக் கிராம அலுவலரின் சிபாரிசும் வேண்டும். குடியிருப்புக்கும் கலைக்கும் ஒரே இறப்பர் முத்திரை. 60 வயது தாண்டினால் கலாபூஷண விருது கிடைக்கவும் கூடும். மத்தளத் தோல் அதுவரை பொறுக்காது.

வரலாற்று நோக்கில் ஒரு குறிப்பு. 1952இல் சட்டத்தின் வழி அமைந்த இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குப் பின்னாளில் தலைமை தாங்கியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். அவர் ஊரூராகப் போய்க் கூத்துப் பார்த்தார், அண்ணாவிமாரைக் கூட்டி மாநாடு வைத்தார், கூத்துப் பிரதிகளை அச்சேற்றினார். முறையியல்படி இது பெருங்குறை. விடியும்வரை விழித்திருக்க வேண்டும். புள்ளி போடக் கட்டமும் இல்லை. அம்முறை வழக்கொழிந்ததில் வியப்பில்லை.

ஆய்வு முடிவு: அண்ணாவியாருக்குக் கிடைக்கவில்லை. ஆகக் கூடிய புள்ளி, அழிந்துவரும் தோற்கருவிகள் பற்றிய ஒருநாள் கருத்தரங்குக்கு. அதில் மூன்று விலைமனுவும் ஒழுங்காக இருந்தன; மூன்றும் மதியச் சாப்பாட்டுக்கு.

பரிந்துரை ஒன்றே. அடுத்தமுறை மதிப்பீட்டாளர் தேவை என்று கேட்டால், இந்த மாவட்டத்தில் ஒரு கூத்தையாவது மங்களம் பாடும்வரை இருந்து பார்த்தவர்கள் தயவுசெய்து கை உயர்த்துங்கள். மற்றவர்கள் நேரே றோல்ஸுக்கு வரலாம்.