சக்கர விசாரம்

அறிஞர்கள் ஆராய்ச்சிக்கு உரியவை என்று ஒப்புக்கொண்ட விஷயங்களின் ஜாபிதா மிக நீண்டதாயினும், விண்வெளியில் மிதக்கும் ஒரு பாறையின் வயிற்றுக்குள் மூவர் கண்விழித்து, மூச்சுக் காற்றுக்கும் மின்சாரத்துக்கும் அல்லற்படும் கணினி விளையாட்டு ஒன்று இன்றுவரை அந்த ஜாபிதாவில் இடம்பெறாமற் போனது, புலமையுலகுக்கு நேர்ந்த நஷ்டம் என்றே கூற வேண்டும். கனடா தேசத்து வான்கூவர் நகரில் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற க்ளே என்டர்டெயின்மென்ட் என்னும் நிறுவனத்தார், 2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் முழு உருவில் வெளியிட்ட ‘ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடெட்’ என்பதே அவ்விளையாட்டு. அதன் ஆரம்ப தசையில் மின்சாரத்தை எங்ஙனம் உண்டாக்குவது என்ற வினாவைச் சுற்றி ஆடுவோரிடையே இரு கட்சிகள் நிலவுகின்றன. மனிதன் ஓடும் சக்கரமே சரணம் என்பார் ஒரு சாரார். நிலக்கரி ஜெனரேட்டரே கதி என்பார் மற்றொரு சாரார். இருவரும் வினாவையே பிழைபடக் கொண்டனர் என்பதும், அந்தப் பாறையில் மின்சாரம் உண்டாக்குதல் எளிது, உண்டாக்குவதை நிறுத்துதலே அரிது என்பதும் நமது பக்ஷம்.

முதற்கண் சக்கரத்தை நோக்குவோம். அச்சு இயந்திரம் ஒன்றிலிருந்து புத்தகப் பிரதிபோல வெளிவருகின்ற, டூப்ளிகன்ட் எனப்படும் குடிகளுள் ஒருவர் அதில் ஏறி ஓடினால் 400 வாட் பிறக்கிறது. ஜேம்ஸ் வாட் குதிரைக்கு விதித்த சக்தி ஏறக்குறைய 746 வாட் ஆதலால், டூப்ளிகன்ட் ஒருவர் பாதிக் குதிரைக்குச் சற்று மேம்பட்டவர் ஆகிறார். நம்மைப் போன்ற சாமானிய மனிதன் மிதிவண்டியை மிதித்து நெடுநேரம் தரக்கூடியது நூறு வாட் அளவே என்பதையும், 400 வாட்டை ஒரு மணி நேரம் இடையறாது தருவது பந்தய வீரர்களுள்ளும் தலைசிறந்தோர்க்கே கூடுவது என்பதையும் நினைவிற் கொண்டால், மண்ணையும் தண்ணீரையும் பிசைந்த கட்டியை உண்டு, கட்டிலில் சிறிது கண்ணயர்ந்து, மறுநாளும் முகங்கோணாமல் சக்கரமேறும் அந்த ஜீவனின் தேக பலத்தை வியவாதிருக்க முடியாது. ஆயினும் அவர் ஓடும் நேரத்தில் தோண்டுவதில்லை, பயிர் நடுவதில்லை, சமைப்பதில்லை. மூவரே உள்ள ஒரு ராஜ்யத்தில் ஒருவர் சக்கரத்தில் இருப்பது, ஜனத்தொகையில் மூன்றிலொரு பங்கு மின்சார இலாகாவில் உத்தியோகம் பார்ப்பதற்குச் சமம். நிலக்கரிக் கட்சியாரின் பிரதான ஆக்ஷேபம் இதுவே.

ஆக்ஷேபத்தைக் கணக்கினால் சோதிப்போம். ஆரம்ப நாட்களில் மின்சாரம் கேட்பவை யாவை? பாசியை உண்டு பிராணவாயுவை உமிழும் டிஃப்யூசர் ஒன்று; அதற்கு 120 வாட். ஆராய்ச்சி மேஜை ஒன்று. அதற்கு 60 வாட். டிஃப்யூசர் விநாடிக்கு 500 கிராம் பிராணவாயு தருவது, ஆளுக்கு 100 கிராம் வீதம் ஐவருக்குப் போதும். மூவருக்கு அது செல்வமே. ஆகவே தேவை 180 வாட். அந்த உலகத்து நாள் ஒன்றுக்கு 600 விநாடி; இரண்டும் நாள் முழுதும் ஓயாது ஓடின என்று வைத்துக்கொண்டாலும் செலவு 108 கிலோஜூலே ஆகும். 400 வாட்டில் ஓடுபவர் இதை 270 விநாடியில் ஈட்டிவிடுவார். ஆராய்ச்சி மேஜையோ ஆள் அமர்ந்திருக்கும்போதன்றி மின்சாரம் உண்பதில்லை ஆதலால், உண்மைச் செலவு இதிலும் குறைந்தது. எனவே இலாகாவில் இருப்பவர் முழுநேர உத்தியோகஸ்தர் அல்லர், அரைநாட் குமாஸ்தாவே என்பது பெறப்படும். பேட்டரி இன்ன அளவுக்குக் கீழே இறங்கினாலன்றி ஏற வேண்டா என்று சக்கரத்துக்கு வரம்பு விதிக்கவும் இடமுண்டு. விதித்தபின் அவர் வேண்டும்போது ஏறி, நிறைந்ததும் இறங்கித் தம் வேலையைப் பார்க்கப் போகிறார்.

இரவு வந்தால் என் செய்வது, எல்லாரும் உறங்குகையில் மூச்சுக் காற்றுக்கு எவர் ஓடுவார் என்று கேட்பாரும் உளர். கேள்வி நியாயமானதே, சமாதானம் அதனினும் அழகியது. வழக்கமான நியதிப்படி உறக்கத்துக்கு ஒதுக்கியது 75 விநாடி. டிஃப்யூசர் அந்நேரத்தில் கொள்வது 9 கிலோஜூல். விளையாட்டிலேயே மிகச் சிறிய பேட்டரி கொள்வது 10 கிலோஜூல். இரவுக்கென்றே அளந்து செய்தாற்போன்ற இப்பொருத்தம் தற்செயலா, திட்டமா என்பது சிருஷ்டிகர்த்தாக்களுக்கே வெளிச்சம். அவ்வாறிருக்க, புதிதாக ஆடுவோர் பயத்தினால் பேட்டரிகளை வரிசை வரிசையாக அடுக்குகின்றனர். ஒவ்வொன்றும் தான் வைத்திருப்பதில் நாளுக்கு ஒரு கிலோஜூல் வீதம் சிந்துவதோடு, சும்மா இருக்கும்போதே வெப்பத்தையும் விடுகிறது. பக்கத்துத் தோட்டத்தில் மீல்வுட் என்னும் செடி 30 டிகிரிக்கு மேல் வளர மறுத்து நின்றுவிடுகிறது. மின்சாரத்தைச் சேமிக்கப் போய்ச் சோற்றை இழந்தவர்கள் இவ்வகையினர்.

இனி நிலக்கரி. இந்த ஜெனரேட்டர் தருவது 600 வாட். ஆள் வேண்டா, கரியைக் கொண்டுவந்து கொட்டினால் போதும். கொட்டுவது எவ்வளவு என்பதில்தான் விபரீதம் இருக்கிறது. விநாடிக்கு ஒரு கிலோ, ஆகவே நாளுக்கு 600 கிலோ. கரி தீரும் என்று அஞ்சுவோர் ஹாட்ச் என்னும் பிராணியை வளர்க்கின்றனர். கல்லைத் தின்று கரியை இடும் இந்த உத்தமப் பிராணி, பழக்கப்பட்டு மனநிறைவோடு இருக்குமாயின், நாளுக்கு 140 கிலோ பாறையை உண்டு 70 கிலோ கரியை வழங்கும். உணவில் பாதியை எரிபொருளாகத் திருப்பித் தருகின்ற பசு எந்தத் தொழுவத்திலும் இல்லை. ஆயினும் 600ஐ 70ஆல் வகுத்தால் எட்டரைக்கு மேல் வருகிறது. 96 கட்டமுள்ள முழுத் தொழுவம் ஒன்று நெருக்கடியின்றி ஏற்பது எட்டுப் பிராணிகளையே. ஒரு தொழுவம் நிறைய வளர்த்தும் ஒரு ஜெனரேட்டரின் வயிறு நிறையவில்லை என்ற இக்கட்டில் பலர் இரண்டாம் தொழுவத்துக்கு அஸ்திவாரம் தோண்டுகின்றனர்.

இங்கேதான் இரு கட்சியாரும் காணாத நுட்பம் இருக்கிறது. நிலக்கரி ஜெனரேட்டருக்கு விவேகம் கிடையாது. பேட்டரி நிறைந்திருக்கிறதா, விளக்கு எரிகிறதா, ஊரில் எவராவது உயிரோடிருக்கிறார்களா என்று அது விசாரிப்பதில்லை. கரி உள்ளவரை எரித்துக்கொண்டே இருக்கும். இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் கைதிகளுக்கென மிதி சக்கரம் ஒன்றை வகுத்தார். பிரிக்ஸ்டன் சிறையில் 1821ஆம் ஆண்டு அது நிறுவப்பெற்றுத் தானியம் அரைத்தது. பிற்பாடு வேறு பல சிறைகளில் அதே மாதிரிச் சக்கரங்கள் எதையும் அரையாமல், காற்றைத் துழாவிக்கொண்டே சுழன்றன. நிறைந்த பேட்டரியோடு பிணைத்த நிலக்கரி ஜெனரேட்டர் அந்தச் சிறைச் சக்கரத்தின் வம்சத்தது. வேறுபாடு, இங்கே தண்டனை அனுபவிப்பது ஹாட்ச்.

மருந்து உண்டு. ஸ்மார்ட் பேட்டரி என்பது, தன் இருப்பு கீழ்வரம்பைத் தொட்டால் ‘எரி’ என்றும், மேல்வரம்பை எட்டினால் ‘நிறுத்து’ என்றும் கம்பி வழியே ஜெனரேட்டருக்கு ஆணையிடுவது. நாம் வைப்பது கீழே 20 சதவீதம், மேலே 90 சதவீதம். வேறு எண்களை வைப்போரோடு நமக்கு வழக்கில்லை. இதைச் செய்யச் சுத்திகரித்த உலோகம் வேண்டும். கல்லுடைக்கும் யந்திரத்தில் தாதுவை இட்டால் பாதி உலோகமும் பாதி மணலுமாக வருவதைக் கண்டு மனங்கசந்து, இது பின்னால் ஆகட்டும் என்று ஒத்திப்போடுவோர் அனேகர். அவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பார்களாக: மேலே சொன்ன 108 கிலோஜூலை 600 வாட் ஜெனரேட்டர் 180 விநாடியில் உண்டாக்கிவிடும், செலவு 180 கிலோ கரி, அதற்கு மூன்று ஹாட்ச் போதும். எட்டரைப் பிராணி எங்கே, மூன்று பிராணி எங்கே! இடையில் புதிதாக ஒரு வாட்கூடப் பிறக்கவில்லை. பிறவாதிருக்கக் கற்றதே லாபம்.

கம்பியைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. சாதாரணக் கம்பி 1000 வாட் தாங்கும். அதைச் சேதப்படுத்துவது உண்டாக்கும் மின்சாரமன்று, ஒரே நேரத்தில் உண்ணப்படும் மின்சாரம். பத்து ஜெனரேட்டரைப் பிணைத்தாலும் கம்பி அசையாது. 1200 வாட் கேட்கும் உலோகச் சுத்திகரிப்பு யந்திரம் ஒன்றைப் பிணைத்த மாத்திரத்தில் தெறிக்கும். இதுவும் நம் பக்ஷத்துக்கே சாட்சி.

பௌதிகம் கற்றவர்கள் கிளப்பும் ஆக்ஷேபம் ஒன்றை மாத்திரம் அலட்சியம் செய்வதற்கில்லை. நல்ல நிலக்கரி கிலோ ஒன்றில் சுமார் 24 மெகாஜூல் வெப்பம் அடங்கியிருக்க, இந்த ஜெனரேட்டர் அதிலிருந்து பெறுவது 600 ஜூல். அதாவது நாற்பதினாயிரத்தில் ஒரு பங்கு. எரிந்த ஒரு கிலோ கரி 20 கிராம் கரியமில வாயுவாக மாறித் தரையில் தேங்க, எஞ்சிய 980 கிராம் எங்கே போயிற்று என்பதற்கு எந்தச் சாஸ்திரத்திலும் விடையில்லை. இதே விளையாட்டில் தண்ணீரைப் பிரிக்கும் எலெக்ட்ரோலைசரோ, கிலோவுக்கு 888 கிராம் பிராணவாயுவும் 112 கிராம் ஹைட்ரஜனும் என்று ரசாயன சாஸ்திரி தராசில் நிறுத்தாற்போல ஒழுங்காகத் தருகிறது. ஆனால் விநாடிக்கு ஒரு கிலோ நீரைப் பிரிக்க நம் உலகில் சுமார் 1 கோடியே 60 லட்சம் வாட் வேண்டியிருக்க, அங்கே 120 வாட்டில் காரியம் முடிகிறது. வெளிவரும் ஹைட்ரஜனை எரித்தால் 896 வாட்; யந்திரத்துக்கும் வாயுவை இறைக்கும் இரண்டு பம்புகளுக்கும் ஆகும் செலவு 600 வாட். தண்ணீரைக் கொடுத்து மூச்சையும் வாங்கி, மேற்கொண்டு 296 வாட் லாபமும் காண்கிற இந்த ஏற்பாடு நம் உலகில் சாத்தியமானால், பல தேசங்களின் நிதி மந்திரிகள் இன்றிரவு நிம்மதியாக உறங்குவார்கள். கரியிடம் கஞ்சத்தனமும் நீரிடம் தாராளமும் காட்டிய சிருஷ்டிகர்த்தாக்களின் நோக்கம், ஆடுபவனை அடுப்படியிலிருந்து மெல்ல நீர்நிலைக்கு நகர்த்துவதே என்று நாம் ஊகிக்கிறோம்.

எஞ்சியிருப்பது, சக்கரத்தில் யாரை ஏற்றுவது என்ற கிளைவினா. டூப்ளிகன்ட்டுகளுள் சிலர் வாயுத் தொல்லை என்னும் பிறவிக் குணத்தோடு அச்சாகி வருகின்றனர்; அவர்கள் போகுமிடமெல்லாம் இயற்கை எரிவாயுவைச் சிறிது சிறிதாக விட்டுச்செல்வர். எரிவாயு ஜெனரேட்டர் 800 வாட் தருவதாகையால், அத்தகையவரைச் சக்கரத்தில் ஓடவிட்டு, காலால் ஒரு மின்சாரமும் வாயுவால் ஒரு மின்சாரமுமாக இருவழியிலும் பயன்கொள்ளலாகாதோ என்று ஆசைப்படுவோர் உண்டு. ஜெனரேட்டர் கேட்பது விநாடிக்கு 90 கிராம்; அவர் அளிக்கும் கொடை அதன் அருகிலும் வாராது. அந்தக் கொடையைத் திரட்ட வைக்கும் பம்பு ஓடும்போதெல்லாம் 240 வாட் கேட்கும். அந்த 240 வாட்டுக்காக அவரே மறுபடியும் சக்கரமேற வேண்டியிருக்கும்.