சொன்ன வண்ணம் செய்யாமை: காஞ்சி உணவகம் ஒன்றில் கள ஆய்வு

காஞ்சிபுரத்துத் திருவெஃகாவில் பள்ளிகொண்டிருப்பவருக்குச் சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்று பெயர். கணிகண்ணனை அரசன் ஊரைவிட்டுத் துரத்தினான். அவருடைய குரு திருமழிசை ஆழ்வார் தாமும் கிளம்பி, பெருமாளையும் கிளம்பச் சொன்னார். பெருமாள் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். அரசன் ஓடிவந்து கெஞ்சியபின் ஆழ்வார் திரும்பச் சொன்னார், திரும்பினார். படுக்கச் சொன்னார், படுத்தார். ஒரு சொல்லுக்கு ஒரு செயல். இந்த மரபு அதே ஊரின் இரவுச் சிற்றுண்டிச் சாலைகளை ஏன் எட்டவில்லை என்பதே ஆய்வுச் சிக்கல்.

களம்: பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து உணவகம் ஒன்று (ஆய்வு அறம் கருதிப் பெயர் மறைக்கப்படுகிறது). காலம்: ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின சனிக்கிழமை, இரவு 8 மணி. மாதிரிகள்: காந்தி ரோட்டில் முகூர்த்தப் பட்டு எடுக்க ஐந்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கடைசியில் முதன்முதலாகப் பிரித்துக் காட்டிய புடவையையே வாங்கிக்கொண்டு வந்த 11 உறவினர்கள். நானும் அதில் ஒருவன் என்பதால் நடுநிலை கெட்டிருக்கலாம்.

முன்னாய்வுகள் உண்டு. இந்த ஊரைப் பற்றிய இரண்டு பழைய நூல்கள் உண்கலத்தையே சுற்றி வருகின்றன. மணிமேகலை அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியோடு பஞ்சம் பிடித்த காஞ்சிக்கு வந்து ஊருக்கே சோறு போட்டாள். முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்திலோ, காஞ்சித் தெருவில் ஒரு காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, தின்னப் போன பண்டமும் போச்சே என்று புலம்பி, எதிர்ப்பட்ட பிக்குவைச் சந்தேகிக்கிறான். எடுத்துப்போனது நாய். எங்கள் மேசைக்கு வந்த சாம்பார் வாளி இவற்றில் எந்த மரபைச் சேர்ந்தது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

கோலங்கள் பற்றி. காஞ்சியில் உலகளந்த பெருமாள் நின்ற கோலம், பாண்டவ தூதர் இருந்த கோலம், திருவெஃகாவில் கிடந்த கோலம். மூன்றையும் நாங்கள் ஒரே இரவில் எய்தினோம். முதல் 40 நிமிடம், சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் முதுகுக்குப் பின்னால், அவருடைய தயிர்சாதத்தைக் கண்ணால் எண்ணியபடி நின்ற கோலம். பிறகு இருந்த கோலம். சித்தியின் சின்னப் பையன் மட்டும் பட்டுப் பைகளின்மேல் கிடந்த கோலம்.

எல்லாரும் ஆசைப்பட்டது கோயில் இட்லி. வரதராஜர் கோயில் மடைப்பள்ளியில் மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில், மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்ந்து மணிக்கணக்கில் வேகிற பொருள் அது. சப்ளையர் வந்தார். “கோயில் இட்லி காலி சார். சாதா இட்லி இருக்குது.” பெரியப்பா தோசை, அத்தை இடியாப்பம், மச்சான் பரோட்டா என்று 11 பேர் 9 வகை சொன்னோம். அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. அதை ஞாபகசக்தி என்று வியந்தோம்; பிழை எங்களுடையது.

இனி மொழியியல். “இதோ வருது சார்.” இகரம் அண்மைச் சுட்டு என்கிறது இலக்கணம், களத்தில் அது அடுக்களைக்கு அப்பாலுள்ள சேய்மையைக் குறித்தது. ‘வருது’ நிகழ்காலம். விரைவு கருதி ஒரு காலத்தை இன்னொரு காலமாகச் சொன்னால் அது வழுவமைதி, குற்றமில்லை என்பர். விரைவைக் காணோம், அமைதியும் போய்விட்டது, மிஞ்சியது வழு. மாப்பிள்ளைப் பையன் இந்தத் தொடரை ஏழு முறை பதிவுசெய்தான்.

இதற்கான காரணத்தைத் தந்தவர் தறியில் முப்பது வருடம் உட்கார்ந்த மாமா. அவர் முன் இட்லி வந்தது, சட்னி வரவில்லை. “ஒடம்பு வந்துடுச்சு, கரை வரல” என்றார். காஞ்சிப் பட்டின் கோர்வையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடா ஓடும். குழித்தறியில் நெய்பவர் ஒரு பக்கம், நாடாவை வாங்கித் திருப்பிவிட இன்னொருவர். இருவர் கையும் ஒரே தாளத்தில் ஓடினால்தான் உடலும் கரையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இங்கே மாஸ்டர் ஒரு தாளம், சப்ளையர் ஒரு தாளம். நடுவே பார்சல். தோசைக் கல் ஒன்றுதான். பார்சல்காரர் கல்லாவுக்கு எதிரே நின்று முறைக்கிறார், விட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். இலை போட்டு உட்கார்ந்தவன் எங்கே போவான்? ஆகவே ஈடு ஈடாகத் தோசை வாசல் பக்கமே போனது. கடைசியாகச் சொன்ன பரோட்டா முதலில் வந்தது, குருமா இல்லாமல். யாரும் சொல்லாத ரவா கிச்சடி ஒன்றும் வந்தது.

9.50-க்குப் பெரியப்பா எழுந்தார். “பையைச் சுருட்டுங்கடா.” சுருட்டினோம். கிடந்த கோலத்தானைத் தோளில் போட்டுக்கொண்டு 11 பேரும் வாசலை எட்டியபோது பின்னால் குரல்: “சார், சார், தோசை ரெடி! உக்காருங்க!” கைநிறையத் தட்டு. ஆழ்வார் கதை அப்படியே நடக்கிறது என்று உடல் சிலிர்த்துத் திரும்பினேன்.

எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த வந்தவாசிக் கல்யாணக் கோஷ்டி அதற்குள் எங்கள் நாற்காலிகளில் இருந்தது. பெரியப்பாவின் தோசையை ஒரு தாத்தா பிய்த்துக்கொண்டிருந்தார். சட்னியும் கூடவே வந்திருந்தது.

தெருமுனைக் கையேந்தி பவனில் ஆளுக்கு நாலு இட்லி. நின்ற கோலம்.