துரை வரையாத மலை

சித்திர நாட்குறிப்பு வைத்திருப்பவர்களும் வைக்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்டவை. பதில்கள் என்னுடையவை. கோபம் வந்தால் ஆசிரியருக்கு எழுதவும்.

கே: மாஸ்டர், சித்திர நாட்குறிப்புக்கென்று ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். மட்டை அவ்வளவு அழகு. வாங்கிய நாளில் இருந்து ஒரு கோடும் விழவில்லை. உந்துதல் எங்கிருந்து வரும்? (வாசகி, ஹல்துமுல்லை)

ப: உந்துதல் ஊவாத் தேயிலையின் வாசம் மாதிரி. ஜூலையில் இருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்று காய்ச்சி எடுக்கிறபோதுதான் அந்தப் பேர்போன மணம் கொழுந்தில் ஏறும். அதற்காக மற்ற ஒன்பது மாதமும் ஸ்டோரைப் பூட்டி வைக்கிறார்களா?

அழகான மட்டைதான் உங்கள் எதிரி. முதல் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையை ஈரத்தோடு வையுங்கள். வட்டமாய்க் கறை விழும். பக்கம் கெட்டது, பயமும் விட்டது. இரண்டாம் பக்கத்துக்கு, அம்மா வேலை விட்டு வந்து இஸ்தோப்பில் கழற்றிப் போடுகிற படங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்புக் கயிறு இறுக்கிய இடத்தில் ஒரு மடிப்பு நிரந்தரமாய் இருக்கும். வயிற்றுக்கு நேரே செடி உரசி உரசிக் கறுத்துப்போன ஒரு திட்டு இருக்கும். ஓரத்தில் ஓர் இலை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் நன்றாகப் பாருங்கள், பிறகு கீறுங்கள். “இந்தக் கந்தலையா கீறுற?” என்று அம்மா கேட்டால் சரியான பொருளைத்தான் பிடித்திருக்கிறீர்கள்.

கே: எனக்குக் கோடு நேராகவே வராது சேர். நான் வரையலாமா? (மாணவன், பெரகல)

ப: கொழும்பு–மட்டக்களப்பு ஏ-4 பாதையைப் போட்டவர்களுக்கே உங்கள் ஊரில் கோடு நேராக வரவில்லை. அதில்தான் நாட்டில் பாதிப்பேர் போய் வருகிறார்கள். வரையுங்கள்.

கே: சித்திர நாட்குறிப்புக்கான தூண்டல்கள் என்று ஒரு பட்டியல் கிடைத்தது. இலையுதிர் காலத்தை வரை, முதல் பனிப்பொழிவை வரை, உனக்குப் பிடித்த கபேயின் மூலையை வரை என்று போகிறது. நான் எங்கே போக? (உயர்தர மாணவி, பண்டாரவளை)

ப: எங்கேயும் போக வேண்டாம். நமக்கும் இலையுதிர் காலம் உண்டு. மரம் தானாக உதிர்க்காது, கத்தியோடு ஆள் வருவார். மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டிய மலைக்குப் போய்ப் பாருங்கள். அதுவரை பச்சை மெத்தை விரித்த மாதிரிப் படம் பிடித்தார்களே, அந்த மெத்தைக்குக் கீழே இருந்தது என்னவென்று அன்றைக்குத்தான் தெரியும். முறுக்கிப் பிழிந்த அடிமரம், அதில் பாசி, கொப்புகளில் மழைத்தண்ணீர் தங்காமல் வழிய வேண்டுமென்று சாய்வாக வெட்டிய வாய்கள். ஒவ்வொரு வெட்டுவாயும் வெளிறிய ஒரு முட்டை வடிவம். ஒரேயொரு செடியை எடுத்து ஒரு மணி நேரம் வரைந்தால் கொப்பு எப்படிக் கிளைக்கிறது என்பது கைக்குப் பிடிபட்டுவிடும். எந்தப் பாடசாலையிலும் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பனிப்பொழிவுக்குப் பதில் பனிமூட்டம். இதில் வேலை இன்னும் குறைவு. பெரகலச் சந்தியில் மூட்டத்துக்குள் வருகிற பஸ்ஸை வரைய இரண்டு விளக்கும் ஒரு துடைப்பானும் போதும். மிச்சத் தாளைத் தொடாமல் விடுவதற்குத்தான் மனக்கட்டுப்பாடு வேண்டும். கபேயை விடுங்கள். வடை தட்டு, ஈ விரட்டுகிற கை, கடன் சொல்லக்கூடாது என்ற பலகை. நம் கடை மூலைக்கு என்ன குறைச்சல்?

கே: இந்தப் பக்கத்து மலைகளை வெள்ளைக்காரர்கள் நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே வரைந்து தீர்த்துவிட்டார்களே. எனக்கு மிச்சம் என்ன இருக்கிறது? (வாசகர், ஹப்புத்தளை)

ப: நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், தேத்தண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் விலங்கியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1881இல் இலங்கைக்கு வந்தார். கடல் பிராணிகளை ஆராயத்தான் வந்தார், ஆனால் வாட்டர்கலர் பெட்டியும் கூடவே வந்தது. 1882இல் ஹோட்டன் சமவெளிக்கு ஏறி, உலக முடிவின் விளிம்பில் நின்று கீழே பார்த்தார். ஹல்துமுல்லை இருப்பதும் அந்த விளிம்பு இறங்குகிற அதே தென்சரிவில்தான். மரியான் நோர்த் என்ற ஆங்கிலப் பெண்மணி 1870களில் வந்து இங்குள்ள செடிகொடிகளை எண்ணெய் வர்ணத்தில் தீட்டினார். இலண்டன் கியூ தோட்டத்தில் அவருக்கென்றே 1882இல் திறந்த காட்சிக்கூடத்தில் 800க்கு மேற்பட்ட ஓவியங்கள் இருக்கின்றன. களுத்துறையில் அவரை நிற்கவைத்துப் படம் பிடித்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். இங்கிலாந்தில் பெரும் புகழ் பெற்ற அந்தப் புகைப்படக்காரி கணவரின் தோட்டங்களைத் தேடி வந்து, 1879இல் திக்கோயாப் பக்கம் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமாகியிருக்கிறார்.

மூவரும் மேதைகள், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அவர்கள் நின்ற இடத்தைக் கவனியுங்கள். விளிம்பு, பங்களா வராந்தா, விருந்தாளி நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் மலை ஒரு காட்சி. கொழுந்துக் கூடையோடு அதில் ஏறுகிறவருக்கு மலை என்பது முழங்கால் வலி. பின்னாளில் தேயிலைப் பெட்டிகளில் அச்சான பெண்ணையும் பாருங்கள். எப்போதும் முகம் நமக்கு நேரே, எப்போதும் சிரிப்பு. அவர் காலை யாரும் வரைந்து நான் கண்டதில்லை. அட்டை கடிக்காமலிருக்கச் சவர்க்காரம் பூசிய காலை ஏன் பெட்டியில் போடுவார்கள்?

ஆகவே மிச்சம் இருப்பது கிட்டத்தட்ட எல்லாமே. காம்பராவின் உட்புறம் மிச்சம். பெரட்டுக்களத்தில் விடிய முதல் நிற்கிறவர்களின் முதுகு மிச்சம். கீழே இருந்து அண்ணாந்து பார்த்தால் அந்தச் செங்குத்து எப்படி இருக்கிறது என்பதும் மிச்சம். ஹெக்கல் பார்த்ததற்கு நேர் எதிரே நின்று ஒரு பக்கம் வரையுங்கள். முன்னோடிகள் நம்மிலும் இருக்கிறார்கள். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சேர்த்த பாட்டுகள் 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாயின. அவர் காதால் செய்ததை நீங்கள் பென்சிலால் செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

கே: நான் கொப்பியைத் திறந்தாலே வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து “என்ன கிறுக்குற?” என்கிறார். ஒளித்து வைக்க வழி உண்டா? (பெயர் வேண்டாம், கொஸ்லந்தை வீதி)

ப: முயல் கதைகள் எழுதி வரைந்த பியாட்ரிக்ஸ் பொட்டர் பதின்ம வயதில் இருந்து தன் நாட்குறிப்பைச் சொந்தமாய் உண்டாக்கிய இரகசிய எழுத்தில் எழுதினார். அவர் இறந்த பிறகு லெஸ்லி லிண்டர் என்பவர் மல்லுக்கட்டி 1958இல்தான் அதை உடைத்தார். உங்களுக்கு அவ்வளவு சிரமம் வேண்டாம். ஈ.பி.எஃப். கடிதங்கள் இருக்கிற ஃபைலுக்குள் கொப்பியை வையுங்கள். ஓய்வு பெறும் வயது வரும்வரை எந்த ஆணும் அதைத் திறக்கமாட்டார்.

அல்லது அவரையே வரையுங்கள். மறுநாள் தலை சீவி வந்து உட்காருவார்.

கே: ஒக்டோபர் பிறந்தால் அடைமழை. வெளியே போக முடியாது. உள்ளே வரைய எதுவுமில்லை. (வாசகர், களுப்பஹன)

ப: சுவரைப் பாருங்கள். நக்கல் இல்லை, லியோனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் சொன்ன யோசனை இது. கறை படிந்த சுவரை உற்றுப் பார்த்தால் மலையும் ஆறும் போரும் முகமும் தெரியும் என்றார். இத்தாலியில் அவருக்குக் கறையைத் தேடி அலைய வேண்டியிருந்திருக்கும். லயத்துச் சுவரில் சுண்ணாம்பு, அதன்மேல் அடுப்புப் புகை, அதன்மேல் கூரையில் இருந்து இறங்கிய தண்ணீரின் கோடு என்று மூன்று அடுக்குத் தயாராக இருக்கிறது. கறையின் ஓரத்தை அப்படியே தாளுக்கு மாற்றி, அதற்குள் தெரிகிற உருவத்தை முடியுங்கள். கூரை திருத்தச் சொல்லிக் கொடுத்த மனுவை மட்டும் வாபஸ் வாங்கிவிடாதீர்கள்.

மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து வாட்டர்கலர் பரவும். போல்பொயின்ட் பேனை பரவாது. கொப்பியைப் பிஸ்கட் டின்னில் மூடி வையுங்கள்.

கே: 2014இல் மீரியபெத்தை மண்சரிவில் எங்கள் லயமும் போனது. ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. ஞாபகத்தில் இருந்து வரையலாமா? பிழையாகிவிடுமோ என்று கை நடுங்குகிறது. (வாசகி, கொஸ்லந்தை)

ப: வரையலாம் தங்கச்சி. முன்பே செய்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், போரில் இடம்பெயர்ந்தவர்களிடம் இழந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்தில் இருந்து கீறித் தரச் சொல்லி, அவற்றைத் திரட்டி 2011இல் ஒரு நூலாக்கினார். முடிவுறாத தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயர் வைத்தார். ஓவியம் தெரியாத சாதாரண மனிதர்கள் கீறிய கோடுகள்தான் அதற்கு அடித்தளம்.

நீங்களும் ஆட்களில் இருந்து தொடங்க வேண்டாம். முகங்கள் பிறகு வரட்டும். தரையில் இருந்து தொடங்குங்கள். கதவு எந்தப் பக்கம், அடுப்பு எங்கே, சாமிப்படம் எந்தச் சுவரில், பீலித் தண்ணிக்கு எந்த வழியாகப் போனீர்கள். உங்கள் அம்மா இருந்தால் அவரிடமும் ஒரு தாளைக் கொடுங்கள். அவர் கீறும் அடுப்பு வேறு இடத்தில் இருக்கும். யார் சரி என்று பார்க்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். மண் சரிந்த ஒக்டோபர் 29ஆம் திகதி காலையை நீங்கள் வரைய வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. அதற்கு முந்திய நாள் மாலை வரைக்கும் வரைந்தால் போதும். கை நடுங்கினால் நடுங்கிய கோடே இருக்கட்டும், அழிரப்பர் வேண்டாம்.

கே: வர்ணம் விற்கிற விலைக்கு ஓவியம் பணக்காரர் பொழுதுபோக்காகிவிட்டது. (வாசகர், தியத்தலாவை)

ப: நல்ல தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போய்விடுகிறது. நமக்குக் கிடைப்பது தூள். அந்தத் தூளைச் சுண்டக் காய்ச்சினால் அருமையான மண்ணிறம். ஒரு பூச்சு காய்ந்த பிறகு மறுபூச்சு என்று ஏற்றிக்கொண்டே போகலாம். துருப்பிடித்த ஆணி ஒன்றை வினாகிரியில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் சில சொட்டு விட்டால் சாயம் கறுத்துச் சாம்பல் நீலத்துக்குப் போகும். தேயிலையில் இருக்கிற துவர்ப்பு இரும்போடு சேர்வதால் வருகிற மாற்றம் அது. பழைய காலத்து எழுதுமையின் சூத்திரமும் கிட்டத்தட்ட இதுவே. மஞ்சள் தூளைக் கரைத்தால் மஞ்சள், சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு. இறக்குமதிக்குத் தடை வந்த 2020இல் இதைச் சொல்லியிருந்தால் என்னை அடிக்க வந்திருப்பீர்கள். மஞ்சள் வெளிச்சத்தில் வெளிறிவிடும், ஆனால் மூடிய கொப்பிக்குள் கொஞ்சக் காலம் தாங்கும். கறுப்புக்கு அடுப்புக்கரி இருக்கவே இருக்கிறது.

கே: காமன் கூத்தை வரைய ஆசை. இருட்டு, ஆட்டம், கூட்டம். பென்சில் எடுப்பதற்குள் ரதி போய்விடுகிறாள். (இளைஞர், பூனாகலை)

ப: ரதியைத் துரத்தாதீர்கள். ஆட்டத்துக்கு முன் தப்புக்காரர் பக்கத்தில் போய்க் குந்துங்கள். தோல் இறுகுவதற்காக நெருப்பில் காட்டித் திருப்பித் திருப்பிச் சூடேற்றுவார். முகத்தில் கீழேயிருந்து வெளிச்சம், விரலால் தட்டிப் பார்க்க ஒரு நிறுத்தம், மறுபடி நெருப்பு. ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும். இதைவிட நல்ல மொடல் கிடைக்காது.

கே: ஒரு மாதத்துக்குப் போதுமான தூண்டல்களைப் பட்டியலாகத் தாருங்கள் மாஸ்டர். வெட்டி ஒட்டிக்கொள்கிறேன். (வாசகி, பதுளை)

ப: பட்டியல் தந்தால் முதலாவதோடு நிறுத்திவிடுவீர்கள் என்பது அனுபவம். சும்மா சிலதைக் கொட்டுகிறேன். கொழுந்து மடுவத்தில் கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கிற கிலோ எப்படி இருக்கும், அதற்கு ஓர் உருவம் கொடுங்கள். கங்காணி கத்துகிற சத்தத்தை எழுத்தில்லாமல் கோடுகளால் மட்டும் கீறுங்கள். பஸ் டிக்கெட்டை ஒட்டி, அன்றைக்குப் பக்கத்தில் தூங்கிச் சாய்ந்தவரின் காதை அதன் மேலேயே வரையுங்கள். பிள்ளைக்காம்பராவில் வரிசையாய்த் தொங்கும் ஏணைகளில் எது அசைகிறது? வெளிநாட்டில் வேலை செய்கிற அக்கா அனுப்பிய பெட்டியில் என்னென்ன இருந்தது, அவர் கேட்டு நீங்கள் அனுப்பாமல் விட்டது என்ன? தானம் கொடுத்த செருப்பு. ரொட்டி கருகிய இடத்தின் வரைபடம். ஒரு சவுக்கு மரத்தை மாதம் ஒருமுறை ஒரே கல்லில் உட்கார்ந்து கீறுங்கள். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் ஃபூஜி மலையைப் பற்றி முப்பத்தாறு காட்சி என்று பெயர் வைத்து நாற்பத்தாறு படம் செய்தார். மலைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கணக்கு அப்படித்தான் பிசகும்.

கே: இவ்வளவு சொல்கிற நீங்கள் உங்கள் கொப்பியைக் காட்டுவீர்களா? (அதே வாசகி)

ப: காட்டுவேன். கட்டணம் ஒரு 6பி பென்சில். பதுளையில் இருக்கிறீர்கள், அங்கே கிடைக்கும். இங்கே கடையில் கேட்டால் எச்.பி. ஒன்றை எடுத்துத் தந்து, “கொஞ்சம் அழுத்திக் கீறுங்க சேர்” என்கிறார்கள்.