சத்தம் அண்ணை

“தம்பி, கேக்குதே?”

இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க உதவும் பதில் எதுவும் கிடையாது. ‘கேக்குது’ என்றால், “எப்பிடிக் கேக்குது? ஒருக்கா வாயால செய்து காட்டும்” என்பார். ‘கேக்கல’ என்றால், வண்டியைத் திருப்பி அதே தெருவை முதலிலிருந்து ஓட்டிக் காட்டுவார். ‘கேட்ட மாதிரியும் இருக்கு, கேக்காத மாதிரியும் இருக்கு’ என்று ஒருநாள் நழுவிப் பார்த்தேன். “அதுதான்! விட்டு விட்டு வருது!” என்று குதூகலித்து இன்னும் நாலு மைல் கூட்டிப் போனார்.

லண்டனின் வடமேற்கே ஹாரோவில், எங்கள் தெருவில் அவருக்குச் ‘சத்தம் அண்ணை’ என்று பெயர். சத்தம் போடுகிறவர் என்று எண்ணிவிடாதீர்கள். பரம சாது. அவர் வாயிலிருந்து வரும் சத்தமெல்லாம் காருடையவை. பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கும் ஊரிலெல்லாம் இப்படி ஒருவர் இருப்பார். ரேடியோ போடமாட்டார். கூட வருகிறவர் பேசினால் முகம் சுளிப்பார். தூறலில்கூடக் கூரையை மடக்கியே வைத்திருப்பார். மற்றவர்கள் காற்று வாங்கக் கூரையை மடக்குவார்கள். இவர் காது கொடுக்க மடக்குவார்.

அண்ணையின் கார் 1972-ஆம் வருட எம்.ஜி.பி. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து தள்ளிய வண்டி. இரண்டு பேர் உட்காரலாம். அண்ணை வீட்டில் ஐந்து பேர். மற்ற நாலு பேரும் அந்த இன்னொரு சீட்டுக்குப் போட்டி போட்டு நான் பார்த்ததில்லை. அதனால்தான் அது எனக்கு வாய்த்தது. நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு இங்கே வருடாந்தரச் சோதனை கட்டாயமில்லை. அரசாங்கம் இறக்கி வைத்த அந்தச் சுமையை அண்ணை தினமும் இரண்டு வேளை சுமக்கிறார்.

காது பரம்பரைச் சொத்து. அவருடைய அப்பா யாழ்ப்பாணத்தில் ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் வாடகைக் கார் ஓட்டியவர். அந்த எஞ்சினும் இந்த எம்.ஜி.பி. எஞ்சினும் ‘பி சீரிஸ்’ என்ற ஒரே குடும்பம். அது 1,489 சி.சி., இது 1,798. “பெரியப்பாவின்ர மகன் மாதிரி” என்பார். தொண்ணூறுகளில் பெட்ரோலுக்குத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெட்ரோல் காட்டிக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். “மண்ணெண்ணெய் குடிச்ச எஞ்சின் என்னவெல்லாம் கதைக்கும் தெரியுமே? அப்பா எல்லாத்துக்கும் மறுமொழி சொன்னவர்.”

நான் மதுரைக்காரன். ‘கார் ஏதோ கதைக்குது’ என்று அவர் முதலில் சொன்னபோது, கார் கதைவிடுகிறது என்று எடுத்துக்கொண்டேன். ‘சில்லில சத்தம்’ என்றபோது கண்ணாடிச் சில்லைத் தேடிக் குனிந்தேன். அவர்கள் ஊரில் சில்லு என்றால் சக்கரம். ‘திறப்பை எடும்’ என்றபோது எதைத் திறப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். இடுப்பில் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டுத் திரிகிற எனக்கு, அதற்குத் திறப்பு என்று இன்னொரு பேர் உண்டென்று அன்றைக்குத்தான் தெரியும். அவர் தமிழ் எனக்கு ஆறு மாதத்தில் பழகியது. அவர் காரின் தமிழ் பழக இரண்டு வருடம் பிடித்தது.

முதல் பாடம், சத்தம் எஞ்சினைச் சேர்ந்ததா, சில்லைச் சேர்ந்ததா என்று பிரிப்பது. ஆளில்லாத சாலையில், நாற்பது மைல் வேகத்தில், கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருளவிடுவார். எஞ்சின் அடங்கிய பிறகும் சத்தம் அதே தாளத்தில் தொடர்ந்தால் அது சில்லுப் பக்கத்துச் சொந்தம்: சக்கரம், புரொப்பல்லர் ஷாஃப்ட் வகையறா. டிஃபரன்ஷியலை மட்டும் நம்பக்கூடாது. இழுக்கும்போது ஒரு ராகம், விடும்போது ஒரு ராகம் பாடும். கிளட்சை மிதித்தால் மட்டும் தலைகாட்டும் ‘கிர்ர்’, உள்ளே இருக்கும் கார்பன் பேரிங். கிளம்புகிற நொடியில் ஒரே ஒரு ‘டொங்’, டிஃபரன்ஷியலில் தேய்ந்த வாஷர். ‘டங்’ என்று தொடங்கி, வேகம் ஏற ஏறக் குருவிக் குஞ்சாகக் கீச்சிட்டால் ஷாஃப்டின் யூனிவர்சல் ஜாயின்ட். எங்கள் ஊர் லாரிப் பட்டறையில் ‘கிராஸ்’ என்பார்கள். முன்னே போய்ப் பின்னே வரும்போது ‘கிளிக்’ என்றால், கம்பிச் சக்கரமும் ஹப்பும் கவ்விக்கொள்ளும் பற்கள் தேய்ந்துவிட்டன.

“டொங்குக்கும் டங்குக்கும் என்ன அண்ணே வித்தியாசம்?”

“ஒண்டு கொம்பு வைச்சது, மற்றது வைக்காதது. வடிவாக் கேளும்.”

பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவியை எதற்குப் படித்தோம் என்று நாற்பது வருடமாக எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இதற்குத்தான். கடகட வேறு, லொடலொட வேறு, கறகற வேறு, நறநற வேறு. ஒருமுறை இதையெல்லாம் அபிநயத்தோடு விளக்கி ஒரு வெள்ளைக்கார மெக்கானிக்கிடம் வண்டியை விட்டார். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டவர், துண்டுச் சீட்டில் ‘சத்தம்’ என்று ஒரே சொல்லை எழுதிக்கொண்டார். மெக்கானிக் ஓட்டியபோது வண்டி கல்யாண வீட்டுப் பெண்போல வாய் திறக்கவில்லை. வெளியே வந்து முதல் வளைவு திரும்பியதும் ‘டொங்’. அண்ணைக்குக் கோபமே வரவில்லை. “பாத்தீரே? எனக்கு மட்டும்தான் சொல்லுது” என்றார். அப்படியொரு பெருமிதத்தை மகளின் பட்டமளிப்பு விழாவில்கூட அவர் முகத்தில் நான் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை சில்லுக் கச்சேரி. ஒவ்வொரு சக்கரத்திலும் 60 கம்பி. நான் ‘அக்கா’ என்று கூப்பிடும் அவர் மனைவியின் சமையலறைக் கரண்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வருவார். இறுக்கமான கம்பி ‘ணிங்’ என்னும். தளர்ந்தது ‘மொத்’ என்னும். நான் சுண்ணாம்புக்கட்டியோடு பக்கத்தில் குந்தி, மொத்துக்கு அடையாளம் போடவேண்டும். உள்ளே சாம்பார் கரண்டிக்காகக் காத்திருக்கும்.

சக்கரத்தின் பேரிங்குக்குத் தனிச் சோதனை. பேரிங் தேய்ந்தால் ‘உம்ம்ம்’ என்று வண்டு முரலும். வளைவில் வண்டியின் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தில் இறங்குவதால், எந்தப் பக்கம் திரும்பும்போது முரலல் கூடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்துச் சக்கரம்தான் பெரும்பாலும் குற்றவாளி. இதற்கு அவர் தேர்ந்தெடுத்த சோதனைச்சாலை ரவுண்டானா. இங்கிலாந்தில் ரவுண்டானாவை வலமாகச் சுற்றவேண்டும் என்பது சட்டம். மூன்று சுற்று, ஐந்து சுற்று, சந்தேகம் தீராவிட்டால் ஒன்பது. பின்னால் ஹார்ன் அடிப்பார்கள். அண்ணை காதைச் சாய்த்துக் கண்ணை அரைவாசி மூடியிருக்கும் கோலத்தைப் பார்த்தால், வேண்டுதல் என்றே தோன்றும். இடப்பக்கச் சக்கரங்களுக்கு மட்டும் அடிக்கடி நீதி கிடைக்கும் முறை இது. வலப்பக்கத்தைச் சோதிக்க இடமாகச் சுற்றினால் போலீஸ் வரும்.

இவ்வளவும் கண்டுபிடித்து என்ன செய்வார் என்கிறீர்களா? ஒன்றும் செய்யமாட்டார். சில்லு கழன்று ஓடுகிற சங்கதியென்றால் அன்றைக்கே ஜாக் வைத்துவிடுவார், அதில் விளையாட்டில்லை. மற்றதெல்லாம் பெயர் தெரிகிறவரைதான் அவருக்கு நோய். பெயர் தெரிந்துவிட்டால் உறவு. நான் ஏறி உட்கார்ந்ததும் ஒவ்வொருவராக அறிமுகம் நடக்கும். சாவியைத் திருப்பினால் ‘டக்டக்டக்’. “பெட்ரோல் பம்ப், வணக்கம் சொல்லுது.” கிளம்பினால் ‘டொங்’. “வாஷர்.” வேகம் எடுத்தால் ‘கீச்கீச்’. “ஜொயின்ற். வயசு போட்டுது, பாவம்.”

போன வசந்தத்தில் எல்லாச் சத்தத்துக்கும் பெயர் வைத்து முடித்துவிட்டார். அதோடு ஆள் வாடிப்போனார். காரை எடுக்கவில்லை. தொலைக்காட்சியில் செய்தி பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று அக்கா கவலையோடு சொன்னார்.

ஒரு ஞாயிறு, வற்புறுத்திக் கிளப்பிக்கொண்டு போனேன். ரவுண்டானாவில் வலமாகத் திரும்பினோம்.

‘க்ளிங்.’

அண்ணையின் கண் விரிந்தது. “தம்பி, கேக்குதே?”

முதல்முறையாக எனக்கும் சந்தேகமில்லாமல் கேட்டது. இடப்பக்கத்திலிருந்து, திருப்பத்தில் மட்டும், குழியில் இறங்கினால் இரண்டு தரம். பேரிங்கா, பல்லா, கம்பியா? அந்த வாரமே இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டையும் கழற்றினார். 120 கம்பியும் ‘ணிங்’. பேரிங் சுத்தம். இன்னொரு புதிர்: நான் ஏறாத நாளில் சத்தம் வருவதில்லை. “உம்மட பாரத்துக்கு இடப்பக்க ஸ்பிரிங் அமருது” என்று தீர்மானித்து, என் எடைக்குச் சமமாக மூன்று 20 கிலோ அரிசி மூட்டையை என் சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டு, ஒன்பது சுற்றுச் சுற்றினார். சத்தமில்லை. “அரிசிக்கு வராத சத்தம் உமக்கு வருது. இது லேசுப்பட்ட சாமான் இல்லை தம்பி.” கண்ணில் பழைய ஒளி. மூன்று மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் சோதனைச் சுமை.

போன செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போனேன். இடப்பக்க ஜன்னலோரம். ரவுண்டானாவில் பஸ் வலமாகத் திரும்பியது.

‘க்ளிங்.’

மெதுவாகக் குனிந்து பார்த்தேன். இடுப்பின் இடப்பக்கம் தொங்கிய என் சாவிக்கொத்து, பஸ்ஸின் தகரத்தைத் தொட்டுவிட்டு ஒன்றும் அறியாததுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் அண்ணை வீட்டுக்குப் போனேன். “வாரும் தம்பி. இப்பதான் மனுசன் நேரத்துக்குச் சாப்பிட்டு நித்திரை கொள்ளுறார்” என்றார் அக்கா. காருக்கு அடியிலிருந்து மசி பூசிய முகம் ஒன்று நீண்டது.

“கிட்ட வந்திட்டன் தம்பி. பூட்டு எது எண்டு விளங்குது. அதுக்கு ஒரு திறப்புத்தான் கிடைக்கேல்லை.”

இடுப்பைக் கையால் பொத்திக்கொண்டு, சுண்ணாம்புக்கட்டியை எடுத்தேன்.