கைதட்டி அண்ணாச்சி

செருப்பைக் கழற்றியதும் "சௌக்கியமா?" என்று கேட்கிற வழக்கமெல்லாம் அண்ணாச்சிக்குக் கிடையாது. நேராக ஹாலின் நடுவில் போய் நின்று பளாரென்று ஒரு தட்டு. தலையைச் சாய்த்து, அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருப்பார். "ரொம்ப நேரம் நிக்கி தம்பி. கீழ டைல்ஸு, சுத்தி வெறுஞ்சுவரு. இதுல மனுசன் பேச முடியுமா?" வீடு கட்டிய நாளிலிருந்து நாங்கள் இதில் சண்டையே போட்டு வருகிறோம்; ஒரு வசவுகூடக் காதில் விழாமல் போனதில்லை.

சத்தம் 60 டெசிபல் இறங்க எத்தனை நொடி ஆகிறது என்பதுதான் அவருக்கு வீட்டின் ஜாதகம். 1890களில் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்பவர் தியேட்டர் மெத்தைகளை ராத்திரியில் சுமந்துவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, நேரம் பார்த்துப் பிடித்த கணக்கு அது. சபைன் விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவாராம். அண்ணாச்சி வாங்கிப்போன எங்கள் இலவம்பஞ்சு மெத்தை இன்னும் அவர் வீட்டு மூலையில் நிற்கிறது.

கல்யாண மண்டபம், பேங்க், கோயில் பிரகாரம், எங்கே போனாலும் தட்டு. துக்க வீட்டில் கை உயர்ந்தது. மதனி எட்டிப் பிடித்துவிட்டார். இலக்கியக் கூட்டமொன்றில் பேச்சாளர் மூச்சு வாங்கிய இடைவெளியில் ஒன்று தட்டினார். பேச்சு முடிந்ததென்று சபையே தட்டியது. அந்த உபகாரத்தை ஊர் மறக்காது.

மைக் பேச்சு தனி. கார்டியாய்டுக்கு முதுகுப் பக்கம் காது கேட்காது. எட்டு வடிவத்துக்கு இரண்டு விலாவும் செவிடு. சூப்பர் கார்டியாய்டு சுமார் 126 டிகிரியில் செவிடாம். அறையை அளப்பதற்கோ எல்லாத் திசையும் கேட்கும் ஆம்னி. அதைக் காது உயரத்தில் நட்டு, 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை ஒரு ஊளை விடுவார். அதுவரை ஃபேன் ஓடக்கூடாது, குக்கர் விசிலடிக்கக்கூடாது.

மனுஷர் விஷயம் தெரிந்தவர்தான். முட்டை அட்டை ஒட்டப்போன என்னைத் தடுத்து, "கீச்சுச் சத்தத்தைத்தான் கொஞ்சம் குறைக்கும், பாஸுக்கு அசையாது" என்றார். மகளின் ஆன்லைன் வகுப்புக்கு மேஜையைத் திருப்பிப் போட்டு, எதிர்ச்சுவரில் ஜமக்காளம் தொங்கவிட்டார். டீச்சருக்குக் குரல் தெளிவாகக் கேட்கிறது.

ஆனால் அப்பா வழுக்கி விழுந்த அன்று, பதறிப்போய் விவரம் சொல்லிக்கொண்டிருந்தேன். "பத்தடி ரூம்லா, 112 ஹெர்ட்ஸ்ல உன் குரல் முழங்குது. சுவரை விட்டுத் தள்ளி நின்னு சொல்லு" என்றார். எந்த ஆஸ்பத்திரி, எலும்பு முறிவா என்று ஒரு வார்த்தை இல்லை. இன்றுவரை இல்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

உங்கள் வீட்டுக்கும் வருவார். வாசலிலேயே ஒரு கையில் காபி டம்ளரையும் மறு கையில் முறுக்குத் தட்டையும் கொடுத்துவிடுங்கள்.