ஆலோசனை இலவசம், டப்பாவுக்குத்தான் காசு

நெற்பயிர் மஞ்சளித்தால் விவசாயி முதலில் ஓடுவது வேளாண் கல்லூரிக்கு அல்ல, உரக்கடைக்கு. கல்லாவில் இருப்பவர் இலையைப் பார்க்கிறாரோ இல்லையோ, முதுகுக்குப் பின்னால் இருக்கும் அலமாரியைப் பார்த்துவிடுவார். எந்த மருந்து தேங்கிக் கிடக்கிறதோ, அதற்கேற்ற நோய்தான் பயிருக்கு. அரசுக்கும் இது தெரியும். ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் 'மேனேஜ்' நிறுவனம் 2003-இல் இந்தக் கடைக்காரர்களுக்கென்றே ஓராண்டு டிப்ளமோ ஒன்றைத் தொடங்கியது. முதலில் வைத்தியம், பிறகு படிப்பு!

அடுத்தவர், ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்த யூடியூப்காரர். இரண்டு ஏக்கர், ஒரு ட்ரோன். தொட்டியில் மண்புழு பெருகுவதற்குள் சேனலில் சந்தாதாரர் பெருகிவிடுகிறார்கள். மகசூல் எவ்வளவு என்று கேட்டால், "அடுத்த வீடியோவில் சொல்றேன் நண்பர்களே!"

பூர்வாசிரமத்தை வைத்து யாரையும் எடைபோட முடியாது என்பதும் உண்மைதான். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் ஐ.பி.எஸ்.ஸுக்குத் தேர்வானவர், போயிருந்தால் திருடன் பிடித்திருப்பார். இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் முறையாக வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலையும் பார்த்தவர். அதை உதறிவிட்டு வந்த பிறகுதான் ஊர் அவர் பேச்சைக் கேட்டது.

வேளாண் உதவி அலுவலரை விட்டுவிட்டேனே! அவர் பாவம், மானிய விண்ணப்பங்களுக்குள் புதைந்து கிடக்கிறார்.

பிறகு யாரைத்தான் கேட்பது? அரசின் கிசான் கால் சென்டர் இருக்கிறது, எண் 1800-180-1551. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். கடைக்குக் கிளம்புமுன் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவரிடம் விற்பதற்கு டப்பா எதுவும் கிடையாது.